மலிவு எது?

தூண்டிலோடு மேட்டூர் பக்கம் போய், கூடாரம் அடித்து ஓரிரவு தங்கிவர யாருக்குத்தான் ஆசையில்லை? வாடகை வண்டி என்றதும் நாம் கேட்பது, "எவ்வளவுடா?" என்றுதான். பள்ளிக்கூட வாசல் மிதிக்காத, வேன் ஓட்டும் எங்கப்பா முதலில் பார்ப்பது நம்பர் போர்டை. மஞ்சள் போர்டில் கறுப்பு எழுத்து: டிரைவரோடு வரும் வாடகை வண்டி. கறுப்பு போர்டில் மஞ்சள் எழுத்து: நாமே ஓட்டும் வாடகை வண்டி. வெள்ளை போர்டு சொந்த உபயோகத்துக்கு மட்டும். வாடகைக்கு ஓடி விபத்து நடந்தால் இன்சூரன்ஸ்காரர்கள் கைவிரித்துவிடலாம்.

இரவு தங்கினால் இரண்டு நாள் வாடகை, இரண்டு பேட்டா கேட்பார்கள். டோல், கிலோமீட்டர் கணக்கையும் முன்கூட்டியே பேசி, தலைக்கு வகுத்துப் பாருங்கள். வெள்ளை போர்டைவிட நூறு ரூபாய் கூடலாம். எங்க வீட்டில் முதன்முதலாகப் படிக்க வந்தவன் நான்; எனக்கு ஒன்று ஆனால் அடுத்த ஆள் இல்லை. அந்த நூறு ரூபாய் எனக்கு மலிவுதான்.