தண்ணீர் குடித்த சக்கரம்

பிறையிலிருந்து ஹட்யாய்க்குச் சைக்கிளில் போவது பெரிய சாகசமில்லை. ஏறக்குறைய 200 கிலோமீட்டர். குனோங் ஜெராய் இடப்பக்கம் கூடவே வரும், அப்புறம் கெடாவின் வயல்கள். அலோர் ஸ்டாரில் ஓர் இரவு தங்கினால், புக்கிட் காயு ஹீத்தாம் எல்லையைத் தாண்டி மறுநாள் மாலைக்குள் சேர்ந்துவிடலாம். எல்லையில் கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னால் போவது கால்களுக்குக் கிடைக்கும் போனஸ்.

அப்பாவுக்குத்தான் புரியாது. எங்கள் வீட்டில் அது இன்னும் தாய்லாந்து ஆகவில்லை, சயாம்தான். "சைக்கிள் ரிப்பேருக்குச் சயாம் போற மொத ஆளு நீதான்டா. பினாங்குல கடையே இல்லையா?"

இருக்கிறது. பாலத்தில் சைக்கிளை விடமாட்டார்கள். ஆனால் 2021 முதல் கார்களை ஏற்றாத ஃபெரி சைக்கிளை ஏற்றிக்கொள்ளும். தீவில் நல்ல கடைகள் உண்டு. ஆனாலும் நான் ஹட்யாய்க்குப் போகிறேன்.

காரணம் ஓர் உடைந்த கம்பி. 2023இல் முதல் பயணத்தில், சடாவ் தாண்டியதும் பின்சக்கரத்தில் ஸ்போக்ஸ் ஒன்று அறுந்தது. சங்கிலி இருக்கும் பக்கத்தில். மூட்டை கட்டி ஓட்டுகிறவர்களுக்குப் பெரும்பாலும் அங்கேதான் அறும், அந்தப் பக்கத்துக் கம்பிகள்தான் அதிக இழுவையில் நிற்பவை. மாற்ற வேண்டுமென்றால் பற்சக்கரங்களைக் கழற்ற வேண்டும், அதற்கான சாவி என்னிடம் இல்லை. நிபோங் திபால் வளாகத்தில் நான்கு வருடம் இயந்திரப் பொறியியல் படித்தவன், நெடுஞ்சாலை ஓரத்தில் பிரேக்கைத் தளர்த்திவிட்டு, தள்ளாடும் சக்கரத்தோடு ஊர்ந்து போனேன்.

கிம் யோங் சந்தையிலிருந்து கொஞ்சம் தள்ளி அந்தக் கடை. அறுபதைத் தாண்டியவர். நான் 'லுங்' என்று கூப்பிடுவேன், மாமா மாதிரி. அவருடைய உடைந்த மலாயும் என் பத்து வார்த்தைச் சயாமும் எங்களுக்குப் போதும். கம்பியை மாற்றினார். பிறகு மிச்சமிருந்த 35 கம்பிகளையும் ஒவ்வொன்றாக விரலால் சுண்டிக் காதைக் கொடுத்துக் கேட்டார். மூன்றில் நின்றார். "இதுவும் போகும்." எங்கள் தொழிற்சாலையில் இழுவிசை அளக்க மீட்டர் உண்டு, அதற்கு வருடாந்தரச் சான்றிதழும் உண்டு. லுங்கின் காதுக்கு எதுவும் கிடையாது.

அதற்குப் பிறகு போனபோதெல்லாம் அந்தக் கடை. அடுத்த தெருவில் கூடாரம், தூளி, அடுப்பு விற்கும் அக்கா ஒருவர். என் பையின் பட்டையைக் கடை மெஷினிலேயே தைத்துக் கொடுத்துவிட்டுக் காசு வாங்கமாட்டேன் என்றவர்.

2025 அக்டோபரில் புதுச் சக்கரம் ஒன்று பின்னச் சொல்லி 2,000 பாட் முன்பணம் கொடுத்துவிட்டு வந்தேன். மொத்தம் 6,500. நவம்பர் 21ஆம் தேதி ஹட்யாயில் ஒரே நாளில் 335 மில்லிமீட்டர் மழை. 2000இலும் 2010இலும் மூழ்கிய ஊர்தான், அதற்காகத்தான் வடிகால் கால்வாயும் வெட்டினார்கள். இந்தத் தடவை எதுவும் தாங்கவில்லை. இங்கிருந்து வார இறுதிக்குப் போனவர்கள் ஹோட்டல் மாடிகளில் சிக்கிக்கிடந்தார்கள். கூரை மட்டும் தெரியும் கார்களை நான் கைப்பேசியில் பார்த்துக்கொண்டிருந்தேன்.

முதலில் என் சக்கரத்தைத்தான் நினைத்தேன். லைனில் 'என் சக்கரம்' என்று தட்டச்சு செய்தேன். அழித்துவிட்டு 'லுங், நலமா?' என்று அனுப்பினேன். ஒன்பது நாள் படிக்கப்படவில்லை. பத்தாம் நாள் கட்டை விரல் படம் ஒன்று வந்தது. மேற்கொண்டு எதுவும் கேட்க எனக்கு முகமில்லை.

தைப்பூசம் முடிந்த வாரம் போனேன். கடை திறந்திருந்தது. சுவரில் என் தோளுக்கு மேலே பழுப்பாக ஒரு கோடு. முன்பு சைக்கிள்கள் தொங்கிய இடத்தில் கொக்கிகள் மட்டும். நான்தான் முன்பணம் கொடுத்தவன் என்று தெரியும், எவ்வளவு என்று தெரியாது. கணக்குப் புத்தகம் கூழாகிவிட்டதாம்.

"எவ்வளவு கொடுத்தே?"

ரசீதை நான் எப்போதோ தொலைத்திருந்தேன். "ரெண்டாயிரம்." தலையாட்டிவிட்டுப் புதுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டார்.

உள்ளேயிருந்து சக்கரத்தைக் கொண்டுவந்தார். அதுவும் மூழ்கியதுதான். ஸ்டெயின்லெஸ் கம்பிகளுக்கு ஒன்றுமில்லை, ரிம்மும் தேறிவிட்டது. ஹப்புக்குள் சேறு போய்க் குண்டுகள் துருப்பிடித்திருந்தனவாம். அத்தனையையும் மாற்றி, மறுபடி பின்னியிருந்தார். பளபளப்பாகத்தான் இருந்தது. சொல்லாமல் விட்டிருந்தால் எனக்குத் தெரிந்திருக்காது.

"இது தண்ணி குடிச்ச சக்கரம். புதுசு விலை வாங்க முடியாது. இன்னும் மூவாயிரம் போதும்."

நாலாயிரத்து ஐந்நூறை நீட்டினேன். ஆயிரத்து ஐந்நூறைத் திருப்பி என் சட்டைப் பையில் செருகினார். கொஞ்சம் கோபமாகவே. வெள்ளத்தில் எல்லாம் இழந்தவருக்கு உதவுகிறோம் என்ற என் முகபாவம் அவருக்குப் பிடிக்கவில்லை என்று நினைக்கிறேன்.

கூடாரக்கடை அக்காவைக் கேட்டேன். மகளோடு பாங்காக் போய்விட்டார். திரும்புவாரா என்றதற்கு லுங் உதட்டைப் பிதுக்கினார். போய்ப் பார்த்தேன். இரும்புக் கதவின் அடியில் காய்ந்த சேறு அப்படியே இருந்தது.

கிளம்பும்போது லுங் சக்கரத்தை ஒருமுறை சுற்றிவிட்டுக் கம்பிகளைச் சுண்டிப் பார்த்தார். "புதுக் கம்பி. கொஞ்சம் இளகும். ஐந்நூறு கிலோமீட்டர் ஓடினதும் கொண்டா."

வீட்டுக்குப் போய்த் திரும்பி வந்தாலே நானூறு ஆகிவிடும் என்றேன்.

"அப்ப எங்கயாவது சுத்திட்டு வா."