பெட்டியில் அச்சிடாத ஓம்

வாட்டர் ஹீட்டர் ராடு வாங்கினால் 1500 வாட், 230 வோல்ட் என்று அதில் போட்டிருக்கும். எத்தனை ஆம்பியர், எத்தனை ஓம் என்று போட்டிருக்காது. அவசியமும் இல்லை. 1500-ஐ 230-ஆல் வகுத்தால் 6.5 ஆம்பியர், 230-ஐ அந்த 6.5-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 35 ஓம். பள்ளிக்கூடத்தில் எல்லோரும் போட்ட கணக்குதான். பரீட்சையோடு அதை விட்டுவிடுகிறோமே என்று எனக்கு வருத்தம் உண்டு. வீட்டுச் சுவருக்குள் நடப்பதை இவ்வளவு எளிதாகச் சொல்லிவிடும் கணக்கு வேறொன்றை நான் அறியேன்.

ராடைக் கழற்றி மல்டிமீட்டரில் வைத்துப் பார்த்தாலும் அதே 35-ஐ ஒட்டித்தான் காட்டும். பழைய குண்டு பல்பு அப்படியல்ல. 60 வாட் பல்புக்குக் கணக்குப்படி 880 ஓமுக்கு மேல் வரவேண்டும். எரியாத பல்பை அளந்தால் அதில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. டங்ஸ்டன் இழை சூடேறச் சூடேற அதன் மின்தடையும் கூடிக்கொண்டே போகிறது. ஓடும்போது அளந்த வோல்ட்டையும் ஆம்பியரையும் வைத்துப் போட்ட கணக்குதான் ஓடும் பொருளின் உண்மையைச் சொல்லும்.

ஒரு மார்கழியில் எங்கள் வீட்டு ராடின் பிளக் டாப் கருகியது. தண்ணீர் வழக்கம்போலச் சுட்டது; எம்.சி.பி. விழவில்லை. மூக்கில் ஏறிய தீய்ந்த வாடைதான் காட்டிக் கொடுத்தது. வந்த எலக்ட்ரீஷியன் பிளக்கை உருவிப் பார்த்துவிட்டு, "ராடு நல்லாத்தான் இருக்கு சார், பின்னுதான் லூஸ் கான்டாக்ட்" என்றார். அன்று அவர் போன பிறகு காகிதத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

பின்னும் சாக்கெட்டும் சரியாகக் கவ்வாத இடத்தில் 1 ஓம் மின்தடை உண்டானதாக வைத்துக்கொள்வோம். ராடின் 35-உடன் சேர்த்து மொத்தம் 36. மின்னோட்டம் 6.5-லிருந்து 6.3 ஆம்பியருக்கு இறங்குகிறது. ராடிலும் பின்னிலும் ஓடுவது இதே 6.3 ஆம்பியர்தான். அதை வர்க்கப்படுத்தி 1 ஓமால் பெருக்கினால் 40 வாட். ரேடியோ ரிப்பேர் கடையில் ஈயம் உருக்குகிற சால்டரிங் அயர்ன் 25 வாட். அதைவிடச் சூடான ஒன்று, விரல் நுனி அளவு பித்தளைக்குள், பிளாஸ்டிக் மூடிக்குள், பூட்டிக் கிடக்கிறது.

இதில் என்னை உலுக்கியது, யாருக்கும் தெரியாமல் இது நடக்கிறது என்பதுதான். ராடுக்கு இன்னும் 1400 வாட்டுக்கு மேல் கிடைப்பதால் தண்ணீர் சுடுவதில் குறையே தெரியாது. எம்.சி.பி. மின்னோட்டம் கூடினால்தான் விழும், இங்கேயோ குறைந்திருக்கிறது. ஒரு மணி நேரத்துக்கு 0.04 யூனிட் வீணானால் கரன்ட் பில்லிலும் தெரியாது. இதற்குள் சூட்டில் பித்தளை கறுக்கிறது, பிடி தளர்கிறது, மின்தடை ஏறுகிறது, சூடு இன்னும் கூடுகிறது.

ஜார்ஜ் சைமன் ஓம் இந்த மறைந்த மின்தடையைத் தொடக்கத்திலேயே கணக்கில் எடுத்துக்கொண்டவர். ஜெர்மனியின் கொலோன் நகரில் பள்ளி ஆசிரியராக இருந்தபோது சோதனைகளைத் தொடங்கினார். முதலில் பயன்படுத்திய வோல்டா மின்கலம் ஓட ஓடத் தளர்ந்தது, அளவுகள் நிலைக்கவில்லை. பிறகு பிஸ்மத்தையும் செம்பையும் இணைத்து, ஒரு முனையைக் கொதிநீரிலும் மறுமுனையைப் பனிக்கட்டியிலும் வைத்து, நிலையான மின்விசையைப் பெற்றார். 1826-இல் அவர் எழுதிய சமன்பாட்டில் இரண்டு மின்தடைகள் இருந்தன: சோதிக்கும் கம்பியினுடையது ஒன்று, சுற்றின் மற்ற பகுதிகளுடையது இன்னொன்று. பாடப்புத்தகத்தில் அந்த இரண்டாவது பகுதி பெரும்பாலும் உதிர்ந்துபோய், ஒரே ஒரு R மட்டும் நம் கைக்கு வருகிறது. பிளக் கருகுவது அந்த உதிர்ந்த பகுதியில்தான். 1827-இல் வந்த அவருடைய நூலைச் சொந்த நாட்டிலேயே பலர் ஏற்கவில்லை. லண்டன் ராயல் சொசைட்டி காப்ளி பதக்கம் அளித்தது 1841-இல்.

ஓர் ஓமும் அதற்குக் கீழேயும் உள்ள மின்தடையைச் சாதாரண மல்டிமீட்டரின் ஓம் அளவில் நம்பி அளக்க முடியாது. மீட்டரின் வயர்களுக்கே கொஞ்சம் மின்தடை உண்டு. தவிர, பிளக்கை உருவி எடுத்தால் நோயும் மறைந்துவிடும். அதனால் விவரம் தெரிந்த எலக்ட்ரீஷியன் ராடை ஓடவிட்டு, டாங் டெஸ்டரால் ஆம்பியரைப் பிடித்து, இணைப்புக்கு முன்னும் பின்னும் வோல்ட் பார்க்கிறார். நடுவில் 6 வோல்ட் காணாமல் போயிருந்தால், 6-ஐ 6.3-ஆல் வகுத்து ஏறத்தாழ 1 ஓம் என்று சொல்லிவிடலாம். மின்சாரம் ஓடும்போது செய்கிற வேலை. பயிற்சி இல்லாதவர் தொடக் கூடாது. ஆனால் காகிதத்தில் கணக்குப் போடுவதற்கு எந்த ஆபத்தும் இல்லை. 6.5 ஆம்பியர் இழுக்கும் ராடை 6 ஆம்பியர் பாயிண்டில் செருகலாமா என்பதற்குப் பதில் அந்தக் காகிதத்திலேயே இருக்கிறது.

இப்போது பல வீடுகளில் 3000 வாட் இன்ஸ்டன்ட் கீசர். அது இழுப்பது 13 ஆம்பியர், ராடைப்போல இரண்டு மடங்கு. அதே 1 ஓம் லூஸ் கான்டாக்ட் அங்கே இருந்தால் சூடு இரண்டு மடங்கோடு நிற்காது. வர்க்கக் கணக்கில் 150 வாட்டைத் தாண்டிவிடும். அதனால் வேறு வேலைக்காக எலக்ட்ரீஷியன் வந்தாலும், மெயினை அணைத்து, கீசர் பாயிண்டின் மூடியைத் திறந்து, வயரைப் பிடித்திருக்கும் ஸ்க்ரூக்களை ஒருமுறை முறுக்கிப் பார்க்கச் சொல்கிறேன்.