சோறு வந்துவிட்டது, காணி எங்கே?

2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் மலையகத்தைப் புரட்டிப் போட்டது. உடப்புசல்லாவைப் பக்கமும் பாதை இல்லை, கரண்ட் இல்லை. மண் இறங்கிய பக்கத்து லயத்துச் சனங்கள் உடுத்த துணியோடு பள்ளிக்கூடத்துக்கும் கோயிலுக்கும் வந்து சேர்ந்தார்கள்.

நிவாரண லொறி வருமுன்னே அவர்களுக்குச் சோறு போட்டது பக்கத்து டிவிஷன்காரர்கள்தான். வீட்டுக்கு ஒரு சுண்டு அரிசி. திருவிழா அண்டாவில் சோறு, பருப்பு, கோவாச் சுண்டல். நனைந்த விறகு புகைந்து கண்ணைக் கரிக்க, பசங்க லன்ச் சீட்டில் மடித்துக்கொண்டே இருந்தார்கள். "பிள்ளைக்கு உறைப்பில்லாம கொஞ்சம் வைங்க தம்பி" என்றார் ஓர் அக்கா. தனியாக ஒரு சட்டி ஏறியது.

பாதை திறந்ததும் வெளியூர்க்காரர்கள் வந்தார்கள். நல்ல மனசுதான். பார்சலை நீட்டியபடி படம் எடுக்காமல் இருந்திருந்தால் இன்னும் நல்லது.

2014 அக்டோபர் 29, மீரியபெத்தை மண்சரிவிலும் இதேதான். சாப்பாடு உடனே வந்தது. வீட்டுக்கு வருடக்கணக்கில் காத்திருந்தார்கள்.

இந்த லயத்துச் சனம் காலங்காலமாக இருந்த காம்பராவும் தோட்டத்துடையது, நின்ற மண்ணும் தோட்டத்துடையது. அரிசி மூடையோடு வருகிறவர்களே, இவர்களுக்குப் பாதுகாப்பான காணி எங்கே என்று பிரதேச செயலகத்திலும் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போங்கள்.