உரக்கடையில் பதிவான நவக்கிரகப் பயணம்

திங்களூரில் தொடங்கித் திருநள்ளாறு வரை ஒன்பது தலங்களுக்கும் போய்வந்த வேனுக்கு வாடகை ரூ.16,000. கார்டில் தேய்த்தேன். பயணச் செலவுக்கு ஐந்து சதவீதம் கேஷ்பேக் தரும் கிரெடிட் கார்டு அது. சிங்கப்பூரிலிருந்து வந்திருந்த அத்தை குடும்பத்துக்காகப் பேசிய வண்டி என்றாலும், அந்த 800 ரூபாய் எனக்கு வரவேண்டிய பணம். அடுத்த ஸ்டேட்மென்ட்டில் அது வரவில்லை.

வாடிக்கையாளர் சேவைக்குப் போன் போட்டால், "இது டிராவல்ஸ் கேட்டகிரியில வரலை சார்" என்றார் அந்தப் பெண். வேறு எதில் வந்திருக்கிறது என்று கேட்டேன். "அந்த விவரம் எங்க ஸ்கிரீன்ல இல்ல சார். மெர்ச்சன்ட் கோடு வேறயா இருக்கும்." பணத்தை நிறுத்தி வைப்பதற்கு ஒரு கோடு இருக்கிறது, அதைக் கேட்டால் சொல்ல ஆளில்லை. அது எங்கிருந்து வருகிறது என்று பார்த்துவிடத் தீர்மானித்தேன்.

முதலில் ஸ்லிப்பைப் பார்த்தேன். மை மங்கத் தொடங்கியிருந்தது. வணிகர் எண், டெர்மினல் எண், பேட்ச் எண், அப்ரூவல் கோடு, கார்டின் கடைசி நான்கு இலக்கம் எல்லாம் இருந்தன. கடைக்காரர் என்ன தொழில் செய்கிறார் என்று சொல்லும் எண் மட்டும் இல்லை.

ஆனால் மிஷின் அதை அனுப்பாமல் இருப்பதில்லை. கார்டைத் தேய்த்த நொடியில் அங்கிருந்து கிளம்பும் செய்திக்கு உலகம் முழுக்கப் பெரும்பாலும் ஒரே அடிப்படை வடிவம்தான். ஐ.எஸ்.ஓ. 8583 என்று பெயர், 1987-ல் வெளியானது. ஒவ்வொரு தகவலுக்கும் எண்ணிட்ட ஒரு கட்டம். 4-ம் கட்டத்தில் தொகை, 41-ல் டெர்மினல் எண், 43-ல் கடையின் பெயரும் ஊரும். 18-ம் கட்டத்தில் நான்கே இலக்கம் இருக்கும். அதுதான் வணிகர் வகைக் குறியீடு. வங்கிக்காரர்கள் எம்.சி.சி. என்பார்கள். கேஷ்பேக் கொடுப்பதா வேண்டாமா என்பதை கார்டு கொடுத்த வங்கியின் கணினி அந்த நான்கு இலக்கத்தைப் பார்த்தே முடிவு செய்கிறது. அத்தை திருநாகேஸ்வரத்தில் ராகுவுக்குப் பால் அபிஷேகம் பார்த்ததெல்லாம் அதற்குத் தெரியாது.

கும்பகோணத்தில் வேன்காரரின் இடத்துக்கே போனேன். முன்பக்கம் யூரியா, பொட்டாஷ் மூட்டைகள், பூச்சிமருந்து அலமாரி. பக்கவாட்டில் டிராவல்ஸ் பலகை. "வாங்க சார், உக்காருங்க. அப்பா காலத்துலேருந்து உரக்கடைதாங்க. வண்டி இப்ப கொஞ்ச நாளாத்தான் ஓட்டுறோம். மிஷின் கடை பேர்ல வாங்குனது, வாடகைக்கும் அதுலேயே தேச்சுக்கிறோம்" என்றார்.

கல்லாவின் மேல் அதே வங்கி கொடுத்த கியூ.ஆர். அட்டை நின்றது. பணம் அனுப்பும் ஆப்பில் ஸ்கேன் செய்தால் நேரே தொகை கேட்கும், உள்ளே இருப்பது தெரியாது. வெறும் எழுத்தாகக் காட்டும் சாதாரண ஸ்கேனரில் பிடித்தேன். நீளமாக ஒரு வரி வந்தது. யு.பி.ஐ. முகவரி, கடைப் பெயர், அதற்கடுத்து எம்.சி. என்ற இரண்டெழுத்து, ஒரு சமக்குறி, பின்னால் 5261.

வணிகர் வகைக் குறியீடுகளின் பட்டியலில் 5261 என்பது நாற்றுப் பண்ணை, புல்வெளி, தோட்டப் பொருள் விற்கும் கடை. அமெரிக்க வீட்டுக்காரர் முன்வாசல் புல்லுக்கு உரமும் விதையும் வாங்கும் கடைக்கான எண். டெல்டாவில் குறுவைக்கும் சம்பாவுக்கும் மூட்டை மூட்டையாக யூரியா போகும் கடைக்கு மிஷின் கொடுத்த வங்கி அதையே பக்கத்து வகையாகப் பிடித்திருக்கிறது. பெரிய குற்றம் என்று சொல்லமாட்டேன், அந்தப் பட்டியலில் வேறு இடமும் கிடைப்பது கடினம். விண்ணப்பத்தின் நகலை எடுத்துக் காட்டினார். தொழில் என்ற இடத்தில் 'உரம், பூச்சிமருந்து' என்றுதான் இருந்தது. டிராவல்ஸ் தொடங்கியதை அவர் வங்கிக்குச் சொல்லவில்லை. சொல்லவேண்டும் என்று அவருக்கு யாரும் சொன்னதும் இல்லை.

நம் பக்கத்துக்காரர்களுக்கு இது எளிதில் விளங்கும். 'அ' பதிவேட்டில் புஞ்சை என்று எழுதிய வயலில் ஆழ்குழாய் போட்டு முப்போகம் எடுத்தாலும் பதிவேட்டில் அது புஞ்சைதான். தீர்வையும் அந்தப்படிதான்.

இந்தப் பட்டியலைப் போட்டது யார் என்பதுதான் தேடலில் எனக்கு அதிகம் சுவாரசியம் தந்த பகுதி. இதற்கென உலகத் தரம் ஐ.எஸ்.ஓ. 18245 வந்தது 2003-ல்தான். அதற்கு முன்பே கார்டு நிறுவனங்கள் தம் பட்டியல்களை வைத்திருந்தன. அவற்றுக்கு அடிப்படை அமெரிக்க அரசு 1930-களில் உருவாக்கிய தொழில் வகைப்பாடு. 2004-ல் அமெரிக்க வருமான வரித்துறையும் இதே எண்களைக் கையில் எடுத்தது.

பட்டியலைத் திறந்தால் 3000-லிருந்து 3999 வரை ஓர் ஆயிரம் எண்கள் தனித்தனி நிறுவனங்களுக்கு ஒதுக்கியிருக்கும். 3000 யுனைடெட் ஏர்லைன்ஸ், 3001 அமெரிக்கன் ஏர்லைன்ஸ், 3020 நம் ஏர் இந்தியா. அடுத்து வாடகைக் கார் நிறுவனங்கள். 3501-லிருந்து ஹோட்டல்கள், ஹில்டனுக்கு 3504. பயணிகள் ரயில் என்றால் பொதுவாக 4112. பேருந்து என்றால் 4131. சோழன் என்ற பெயரில் 1972-ல் தொடங்கி இன்று கும்பகோணம் கோட்டமாக ஓடும் அரசுப் பேருந்துகளுக்கும், உலகில் மற்றப் பேருந்து நிறுவனங்களுக்கும் பொதுவான எண் அது. பயணம் என்றால் விமானம், வாடகைக் கார், பெரிய ஹோட்டல் என்ற கணக்குதான் இன்றும் எண்களில் நிற்கிறது. தனி எண் இல்லாத தஞ்சாவூர் லாட்ஜுகளுக்கு 7011, தனி எண் இல்லாத விமானங்களுக்கு 4511, டிராவல்ஸ் ஏஜென்சிக்கு 4722, டாக்சிக்கு 4121. கோயில் சுற்றும் டெம்போ டிராவலர் இவற்றில் எதிலும் விழலாம்.

வங்கிகள் ஏன் இவ்வளவு கறாராக இருக்கின்றன? கேஷ்பேக் வங்கியின் கருணையால் வருவதில்லை. நான் தேய்த்த 16,000 முழுதாக வேன்காரர் கைக்குப் போகாது. எம்.டி.ஆர். என்ற கழிவு போகும், அதில் பெரும்பங்கு இன்டர்சேஞ்ச் என்ற பெயரில் கார்டு கொடுத்த வங்கிக்கு வரும். அதிலிருந்து ஒரு பகுதியைத்தான் நமக்குத் திருப்புகிறார்கள். அந்தக் கழிவு வகைக்கு வகை மாறும். பெட்ரோல், அரசுக் கட்டணம் போன்றவற்றில் வங்கிக்குக் கிடைப்பது குறைவு, அதனால் பல கார்டுகள் அவற்றை விலக்கி வைக்கின்றன.

ஒரே பயணம் வழியைப் பொறுத்து வேறு வேறாகப் பதிவாவதும் இப்படித்தான். தஞ்சாவூரிலிருந்து சென்னைக்கு உழவன் எக்ஸ்பிரஸில் நேரடியாக ரயில்வே தளத்தில் டிக்கெட் போட்டால் அது ரயில் வகை. ஏஜென்ட்டிடம் கார்டு கொடுத்தால் 4722. கார்டிலிருந்து வாலட்டில் பணம் ஏற்றி அதிலிருந்து டிக்கெட் போட்டால் வங்கி பார்ப்பது 6540, பணம் ஏற்றியதை மட்டும். டிக்கெட்டே அதன் கண்ணில் படாது. லாட்ஜ் வரவேற்பு மேசையின் மிஷினில் பொங்கல் வடைக்குப் பணம் கொடுத்தால் அது தங்கும் செலவாகிவிடும்.

வேன்காரர் டிராவல்ஸ் பேரில் தனி மிஷினுக்கு எழுதிக் கொடுத்தார். புது கியூ.ஆரில் 4722 வந்திருக்கிறது. என் 800 ரூபாய் வரவில்லை. தேய்த்த நாளில் இருந்த எண்தான் கணக்கு என்று கார்டு வங்கியில் சொல்லிவிட்டார்கள்.

பெரிய தொகையைத் தேய்க்குமுன் கடையின் கியூ.ஆரை வெறும் ஸ்கேனரில் ஒருமுறை பாருங்கள். சிறிய கடைகளில் 0000 என்றிருக்கலாம், எண்ணே இல்லாமலும் இருக்கலாம். அப்படியானால் அதே மிஷினில் முன்பணமாகச் சிறு தொகை கொடுத்து, கேஷ்பேக் வருகிறதா என்று பாருங்கள். எண் தவறாக இருந்தால் கடைக்காரரிடம் சொல்லுங்கள். மிஷின் கொடுத்த வங்கிக்கு அவர் எழுதினால்தான் மாறும். கார்டு வங்கி 30 நாளில் ஒழுங்கான பதில் தராவிட்டால் ரிசர்வ் வங்கியின் ஒருங்கிணைந்த குறைதீர்ப்பாளரிடம் புகார் கொடுக்கலாம், கட்டணம் கிடையாது. ரிசர்வ் வங்கியிடம் எனக்கு ஒரு கோரிக்கை உண்டு. பேட்ச் எண்ணுக்கு இடம் கொடுக்கும் ஸ்லிப்பில் இந்த நான்கு இலக்கத்தையும் அச்சிட உத்தரவிடுங்கள்.