புளிப்பு வரும் வழி

மோகனூரில் எங்கள் அப்பத்தா கம்மங்கூழ்ப் பானையைச் சாம்பல் போட்டுத் தேய்க்க விடமாட்டார். தண்ணீரில் அலசிக் கவிழ்த்தால் போதும். "தேச்சுப் போடாதே கண்ணு, புளிப்பு ஓடிப்போயிரும்" என்பார். அந்தச் சொல்லின் முழுப் பொருளும் எனக்குப் புரிந்தது, பல ஆண்டுகள் கழித்து, பிரஸ்ஸல்ஸ் நகரத்தில்.

மகள் அங்கே வேலை பார்க்கிறாள். மிடி ரயில் நிலையத்திலிருந்து நடந்தே போகும் தூரத்தில், ஆண்டர்லெக்ட் பகுதியில் இருக்கும் கான்டியோன் மதுவடிப்பாலைக்கு என்னைக் கூட்டிப்போனாள். 1900இல் தொடங்கிய குடும்பத் தொழில். இன்றைக்கு அதுவே அருங்காட்சியகமும்கூட. உள்ளே நுழைந்ததும் ஈர மரமும் புளித்த பழமும் கலந்த வாசம். மூலைகளில் ஒட்டடை தொங்கியது. அதை யாரும் அடிப்பதில்லை. பழத்தைத் தேடி வரும் சிறு ஈக்களைச் சிலந்திகள் பிடித்துவிடும் என்பதால் அவற்றுக்கு அங்கே இடம் உண்டு.

அவர்கள் காய்ச்சுவது லாம்பிக் என்னும் புளித்த பீர். முளைகட்டிய பார்லியோடு சுமார் மூன்றில் ஒரு பங்கு முளைகட்டாத கோதுமை. கசப்பு போன பழைய ஹாப்ஸ் பூக்களைப் போட்டுக் கொதிக்கவைத்து, அந்தச் சாற்றை மாடியில் உள்ள ஆழமில்லாத பெரிய செப்புத் தொட்டியில் ஊற்றி, காற்று வரத் திறந்து வைத்து, இரவு முழுக்க ஆறவிடுகிறார்கள். ஈஸ்ட் என்று எதையும் தனியாகச் சேர்ப்பதில்லை. காற்றிலும் கூரையிலும் பீப்பாய் மரத்திலும் இருப்பதே வந்து சேர்கிறது. குளிர்மாதங்களில் மட்டுமே காய்ச்சுவார்கள். வெயில் காலத்தில் வேண்டாத கிருமிகள் முந்திக்கொள்ளும். பிறகு பழைய மரப் பீப்பாய்களில் ஓராண்டு, ஈராண்டு, மூன்றாண்டுகூடக் கிடக்கும். ராஸ்பெர்ரி வகைக்கு, வயதான லாம்பிக்கில் லிட்டருக்குச் சுமார் 200 கிராம் பழம் போடுகிறார்கள். பழத்தின் சர்க்கரை கிடைத்ததும் உறங்கிக் கிடந்த நுண்ணுயிர்கள் மறுபடி எழுந்து, அதைத் தின்று தீர்த்துவிடுகின்றன. பழத்தின் நிறமும் மணமும் நிற்கும், இனிப்பு நிற்காது.

சிறு கிண்ணத்தில் ரோஜா நிறத்தில் தந்தார்கள். ஒரு வாய் வைத்ததும் பல் கூசியது. பின்னாலேயே பழத்தின் மணம் வந்தது. எனக்கு உடனே நினைவு வந்தது, எங்கள் ஊர்ப் பனைமரத்தடி.

சிறுவயதில், விடியற்காலையில் பனையேறும் பெரியவரோடு போவேன். மரத்தின் மேலே பாளையைச் சீவிக் கலயம் கட்டியிருப்பார். உட்புறம் சுண்ணாம்பு தடவிய கலயத்தில் சேர்வது தெளுவு. மற்ற ஊர்க்காரர்கள் பதநீர் என்பார்கள். சுண்ணாம்பு தடவாத கலயத்தில் சேர்வது கள். ஒரே மரம், ஒரே பாளை, ஒரே நீர். வேறுபாடு ஒரு விரல் சுண்ணாம்பு. அது நுண்ணுயிர்களைத் தடுக்கிறது. தடுக்காவிட்டால், கலயத்திலும் பாளையிலும் காற்றிலும் இருக்கும் ஈஸ்ட்டும் பாக்டீரியாவும் நீர் சொட்டும் போதே வேலையைத் தொடங்கிவிடும். காலையில் இனிப்பு, மத்தியானம் கார்ப்பு, மறுநாள் புளித்த காடி. பிரஸ்ஸல்ஸின் குளிர் மூன்றாண்டு எடுத்துச் செய்வதை நம் வெயில் ஒரே நாளில் முடித்துவிடுகிறது. அங்கே பழைய ஹாப்ஸ் செய்யும் கட்டுப்பாட்டை இங்கே சுண்ணாம்பு செய்கிறது. எதைத் தடுப்பது, எப்போது விடுவது என்பதுதான் இரண்டு இடத்திலும் தொழில்.

கள்ளின் கதை எங்கள் பக்கம் எளிதானதல்ல. மோகனூர் அப்போது சேலம் மாவட்டம்; ராஜாஜி சென்னை மாகாணத்தில் மதுவிலக்கை முதன்முதலில் நடைமுறைப்படுத்தியதும் 1937இல் அதே மாவட்டத்தில்தான். பின்னர் சட்டம் மாறி மாறி, 1987இல் கள்ளுக்குத் தடை வந்தது. குடியால் சிதைந்த வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். அந்தப் பெண்களின் கண்ணீருக்கு மேலே எந்தச் சுவையையும் வைக்க எனக்கு மனம் வராது. ஆனாலும், அந்தப் பெரியவரின் கையில் இருந்த அறிவு எழுதப்படாமலே போனதை நினைத்தால் நெஞ்சு அடைக்கிறது. பாளையை எத்தனை முறை சீவ வேண்டும், எந்தக் கலயத்தைக் கழுவ வேண்டும், எதைக் கழுவக் கூடாது என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். கான்டியோனில் அதே வகை அறிவுக்கு ஒரு அருங்காட்சியகம் இருக்கிறது.

ஊருக்குத் திரும்பியதும் சந்தையில் ஒரு மண்பானை வாங்கினேன். கம்பு மாவைக் கரைத்து வைத்தேன். இரண்டு நாள் ஆகியும் சரியாகப் புளிக்கவில்லை, புதுப்பானை. எதிர்வீட்டு அக்காவிடம் போய் நின்றேன். அவர் தம் பழைய பானையின் அடியிலிருந்து ஒரு கரண்டி புளிச்ச தண்ணியை மோந்து கொடுத்தார். கொண்டுபோய் ஊற்றினேன். மறுநாள் காலையில் மூடியைத் திறந்தபோது அப்பத்தாவின் அடுப்படி வாசம்.