ஹூஸ்டன் நகரின் காற்று மேசை

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்திலுள்ள ஹூஸ்டன் மாநகருக்குச் செல்லும் நம்மவர் பெரும்பாலும் தேடிச் செல்லும் இடங்கள் மூன்று. 1969இல் சந்திரனில் இறங்கிய மனிதரைப் பூமியிலிருந்து வழிநடத்திய விண்வெளி நிலையம் ஒன்று. 1965இல் திறக்கப்பட்ட, முழுதும் கூரையிட்ட பெருவிளையாட்டரங்காகிய அஸ்ட்ரோடோம் மற்றொன்று. இன்று அதனை வெளியே நின்றுதான் பார்க்க வேண்டும். அயலூராகிய பியர்லாந்திலே கோபுரத்துடன் விளங்கும் மீனாட்சி அம்மன் கோயில் மூன்றாவது.

இவற்றோடு சேர்த்துச் சொல்லத்தக்க வேறொரு பெருமையும் இந்நகருக்கு உண்டு. அதனை அறிந்து வருவோர் மிகச் சிலரே. களியாட்ட மண்டபங்களிலே சிறுவர் நாணயமிட்டு ஆடும் எயர் ஹொக்கி, கடும் பயிற்சியை வேண்டி நிற்கும் போட்டி விளையாட்டாக உருப்பெற்றது இங்கேதான். ஹூஸ்டனின் கோடை வெப்பமும் வளைகுடாக் காற்றின் ஈரமும் கொழும்பு வாசிகளுக்குப் புதியன அல்ல. வெயிலுக்கு அஞ்சி மைதானத்துக்கே கூரையிட்ட நகரம், மேசை விளையாட்டொன்றை வளர்த்ததில் வியப்பில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது.

மேசையின் நீளம் 8 அடி. அதன் தளமெங்கும் நுண்ணிய துளைகள். அடியிலுள்ள விசிறி அவற்றினூடாகக் காற்றை ஊத, இலேசான பிளாஸ்டிக் வட்டு அக்காற்றிலே மிதந்து ஓடுகிறது. கரம் பலகையிலே பவுடர் தூவி நாம் தேடும் வழுவழுப்பை இங்கே காற்றே தந்துவிடுகிறது. பில்லியட் மேசைகளுக்குப் பேர்பெற்ற பிரன்ஸ்விக் நிறுவனத்தின் ஊழியர் மூவர் 1969இல் இந்த உராய்வற்ற தளத்தை அமைக்கத் தொடங்கினர். சில ஆண்டுகள் கிடப்பில் கிடந்த அம்முயற்சியைப் பொப் லெமியூ என்பவர் மீண்டும் கையிலெடுத்து, பனிக்கட்டி ஹொக்கியின் சாயலில் இவ்விளையாட்டை ஆக்கினார். 1978இல் ஹூஸ்டனைச் சேர்ந்த பிலிப் ஆர்னல்ட் இதற்கென ஒரு சங்கத்தை நிறுவினார். விதிகள் வகுக்கப்பட்டன, சாம்பியன் பட்டத்துக்கான சுற்றுப்போட்டியும் தொடங்கிற்று.

மண்டபத்திலே நண்பர் அனைவரையும் வென்றுவிட்ட இளைஞன் ஒருவன், பட்டம் பெற்ற ஆட்டக்காரர் முன் நின்றால் என்ன ஆகும்? ஏழு புள்ளிகளும் அவன் கண்முன்னே கடந்து போய்விடும்; வட்டு எப்பக்கம் வந்தது என்பதுகூட அவனுக்குப் புலப்படாது. வேகம் மட்டுமே இதற்குக் காரணமன்று. தேர்ந்தவர் முதலில் வட்டை இரு சுவர்களுக்கிடையே ஒரே தாளத்தில் அசைந்தாடவிடுகிறார். பின்னர் ஒரே கைவீச்சினால், அது அடிப்பானின் எவ்விடத்தில் படுகிறது என்பதை மாத்திரம் மாற்றி, நேராகவோ, சுவரில் மோதித் திரும்புமாறோ செலுத்துகிறார். கை காட்டும் குறிப்பு ஒன்று, வட்டு போகும் திசை வேறொன்று. வட்டு தம் பக்கம் வந்தபின் அடிப்பதற்கு அவருக்குள்ள அவகாசம் 7 விநாடிகளே.

புதிதாகப் பயில்வோனுக்குக் கற்பதைவிட மறப்பதே பெரும்பாடு. அடிப்பானின் குமிழை உள்ளங்கையால் மேலிருந்து அமுக்கிப் பிடித்துப் பழகிய கை, குமிழின் பின்னே விரல் நுனிகளை வைத்து மணிக்கட்டால் ஆடக் கற்கவேண்டும். வட்டின்மீது அடிப்பானை ஏற்றி அமுக்கி நிறுத்துவது மண்டபத்திலே கெட்டித்தனம், போட்டியிலே குற்றம். இலக்கின் வாயிலிலேயே காவல் நிற்கும் பழக்கத்தை விட்டு, குறைந்தது 8 அங்குலம் முன்னே நிற்கவேண்டும். சுவரடி வருமாயின் இலக்கின் மூலைக்குப் பின்வாங்கி, உடனே முன்னே மீளவேண்டும். முக்கோணம் போன்ற இந்தக் காவல் கைவருமுன் எத்தனையோ மாலைகள் தோல்வியிலே கழியும். பலர் இவ்விடத்தில் விட்டுப்போகின்றனர். அதில் குற்றம் சொல்ல முடியாது.

தனியே பயில்வதற்கும் ஓர் எல்லை உண்டு. அடியைத் தனியே பழகலாம். காவலைப் பழக எதிரே ஒருவர் வேண்டும், அதுவும் தம்மிலும் வல்லவர் வேண்டும். 1970களின் இறுதியிலே தொலைக்காட்சித் திரை விளையாட்டுகள் மண்டபங்களைப் பிடித்துக்கொள்ள, இம்மேசைகள் பல மூலைக்குத் தள்ளப்பட்டன. அதன் பின்னரும் விளையாட்டு மடியாதிருந்ததற்குக் காரணம், மூத்தவர்கள் இளையவரைத் தம் மேசைக்கு அழைத்து ஓயாது தோற்கடித்து வந்தமையே எனலாம்.

ஹூஸ்டனிலிருந்து கிழக்கே ஏறக்குறைய 85 மைல் தூரத்திலே போமொண்ட் என்னும் ஊர் இருக்கிறது. 1901இல் ஸ்பிண்டில்டொப் குன்றிலே எண்ணெய் பீறிட்டெழுந்து டெக்சாஸின் தலைவிதியை மாற்றியது அவ்வூரருகேதான். அவ்வூர்ப் பையனாகிய கொலின் கமிங்ஸ் 2015இல் தம் 16ஆவது வயதில் உலக சாம்பியனானார். மிக இளவயதில் அப்பட்டம் வென்றவர் என்ற சாதனையும் அவருடையதாயிற்று.

அப்பக்கம் செல்லும் மாணவர்கள் எங்கேனும் 8 அடி மேசையைக் கண்டால் நாணயமிட்டு ஆடிப்பார்க்கலாம். ஆயின் எதிரே நிற்பவரின் விரல்கள் குமிழின் மேலே இருக்கின்றனவா, பின்னே இருக்கின்றனவா என்பதை முதலில் கவனித்துக் கொள்ளட்டும்.