குட்டி யானையில் தொண்ணூறு நாள்

கேம்பஸ் இன்டர்வியூவில் ஆஃபர் லெட்டர் வாங்கின சீனியர்களைக் கவனிச்சிருக்கீங்களா பாஸ்? முதல் பார்வை சம்பளத்துக்குப் போகும். ரெண்டாவது, கீழே பொடி எழுத்தில் ஒளிஞ்சிருக்கும் ‘ப்ரொபேஷன்’ வரிக்கு. ‘ஆறு மாசம் ஏ.சி. ரூம்ல நல்ல பிள்ளையா உக்காந்தா முடிஞ்சிடும் மச்சி’ என்பதுதான் எங்க ஹாஸ்டல் ஃபார்முலா. ரோட்டில் முடிக்க வேண்டிய ப்ரொபேஷனும் ஒண்ணு இருக்கு. அதை நான் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து பார்த்தேன். ஓட்டினது என் அண்ணன்.

அண்ணன் டிப்ளமோ ஆட்டோமொபைல். ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் கான்ட்ராக்ட் முடிஞ்சு வீட்டுக்கு வந்தவன், 2024 அக்டோபர் ஆரம்பத்தில் விழுப்புரத்தில் ஒரு பார்சல் கம்பெனியில் டிரைவராகச் சேர்ந்தான். தீபாவளி ஆஃபர் சீசன், ஆள் தேவை. மூணு மாசம் ப்ரொபேஷன். நிபந்தனைகள் சிம்பிள். பத்து பார்சல் எடுத்துப் போனா ஒன்பதாவது அன்னிக்கே கை மாறணும். ராத்திரி கேஷ் கணக்கு பைசா பிசகாம ஒப்படைக்கணும். வண்டியில் கீறல் கூடாது. அவனுக்குக் கிடைச்ச லைன், அனந்தபுரம் பேரூராட்சியும் அதைச் சுத்தின கிராமங்களும். வண்டி, 2005-ல் ரோட்டுக்கு வந்து நம்ம ஊரில் ‘குட்டி யானை’ன்னு பேர் வாங்கின டாடா ஏஸ். எங்க வீட்டு நிலவரப்படி, என்னோட அடுத்த செமஸ்டர் ஃபீஸும் அந்தக் குட்டி யானை மேலதான் உட்கார்ந்திருந்தது.

ஞாயிறும் லீவு நாளும் நான் கிளீனர். ‘கொஞ்ச தூரம் ஓட்டறேண்ணா’ன்னு கேட்டா முறைப்பான். 1988 மோட்டார் வாகனச் சட்டப்படி பதினெட்டு வயசில் கார் ஓட்டலாம், டிரான்ஸ்போர்ட் வண்டிக்கு இருபது ஆகணும். எனக்கு அப்போ பத்தொன்பது. இதே பத்தொன்பது வயசில்தான் ஜிம் கேஸி என்கிற அமெரிக்கப் பையன் 1907-ல் நூறு டாலர் கடன் வாங்கி, சியாட்டிலில் ஒரு மெசெஞ்சர் கம்பெனி ஆரம்பிச்சான். அதுதான் பின்னாடி உலகம் பூரா பார்சல் சுமக்கிற யு.பி.எஸ். நமக்கு? பின்னாடி ஏறி அட்டைப்பெட்டி எடுத்துக் கொடுக்கிற உத்தியோகம்!

அறுபது வீடு, எண்பத்திரெண்டு இலக்கம்

எங்க கிளாஸில் ‘டிராவலிங் சேல்ஸ்மேன் ப்ராப்ளம்’ நடத்தியிருக்காங்க. பத்து வீட்டுக்குப் போகணும்னா, எந்த வீட்டுக்கு அப்புறம் எந்த வீடு என்பதை 36,28,800 விதமா வரிசைப்படுத்தலாம். அண்ணனுக்கு ஒரு நாளைக்கு அறுபது வீடு. அதை எண்ணா எழுதினா 82 இலக்கம் வரும். கம்ப்யூட்டரே மூச்சு வாங்கும். அண்ணன் அதை ஒரு மாசத்தில் வேற வழியில் தீர்த்தான். மேப்பை விட்டுட்டு ஊரோட டைம்டேபிளைப் படிச்சான்.

மல்லாட்டை புடுங்கிற சீசனில் காலையில் வீட்டில் ஆள் இருக்காது, போனும் வீட்டிலேயே அடிச்சிட்டுக் கிடக்கும். அந்தத் தெருக்களுக்கு மதியம் போகணும். பள்ளிக்கூடம் விடுற நேரத்தில் கடைத்தெருவில் வண்டி நிறுத்தக் கூடாது. அட்ரஸில் கதவு எண் இருக்கும், கதவில் இருக்காது. ‘தண்ணி டேங்க் எதிர்ல, மாரியம்மன் கோயில் பின்னாடி’ என்பதுதான் நிஜ அட்ரஸ். ஒரே தெருவில் ஒரே பேரில் மூணு பேர் இருந்தா, அப்பா பேர் கேட்கணும். அப்பா பேரும் ஒண்ணுன்னா, ‘பாத்ரூம் டைல்ஸ் கம்பெனிக்கு வேலைக்குப் போற புள்ளயா?’ன்னு டீக்கடை அக்கா கேட்டுச் சொல்லும். எந்த ஜி.பி.எஸ்.ஸிலும் இந்த ஆப்ஷன் கிடையாது.

ட்ரெய்னிங்? மூணு நாள், ஒரு பழைய டிரைவர் பக்கத்தில். அவ்வளவுதான். யு.பி.எஸ். 2007-ல் மேரிலாந்தில் புது டிரைவர்களுக்காக ஒரு பயிற்சி மையம் திறந்தது. பார்சலோட வழுக்கி விழாமல் நடக்கிறதுக்கு, வேணும்னே வழுக்குற தரை போட்டுப் பழக்கினாங்க. அண்ணனுக்கு அந்தத் தரையை வடகிழக்குப் பருவமழை இலவசமாகப் போட்டுக் கொடுத்தது.

‘பூட்டிக் கிடந்துச்சு’ன்னு போடு!

ரெண்டாவது வாரமே கூட வேலை பார்க்கிறவங்க ஒரு ஷார்ட்கட் சொன்னாங்க. தூரத்து வீட்டுக்குப் போகவே வேண்டாம். ஆப்பில் ‘கதவு பூட்டியிருந்தது’ன்னு ஒரு தட்டு. பழி கஸ்டமர் மேல, நம்ம சதவீதம் பத்திரம். அன்னிக்குக் கடைசிப் பார்சல், பனமலை தாண்டி ஒரு கொல்லைமேட்டு வீடு. மணி ஏழு. ‘போட்டுடேண்ணா’ன்னு கூட வந்த டிரைவர் சொன்னார். அண்ணன் வண்டியைத் திருப்பவே இல்லை. “அந்தக் கிழவி திண்ணையிலேயே உக்காந்திருக்கும். பூட்டிக் கிடந்துச்சுன்னு எப்புட்றா போடறது?” உள்ளே இருந்தது முட்டிவலி பெல்ட். கிழவி சுருக்குப்பையிலிருந்து பத்தும் இருபதுமாக எண்ணிக் கொடுத்து முடிக்கவே கால் மணி நேரம் ஆச்சு.

நடுவில் இன்னொரு பயம். அண்ணன்கிட்ட இருந்தது சாதாரண கார் லைசென்ஸ். ‘டிரான்ஸ்போர்ட் வண்டிக்கு இது செல்லாது, ஆக்சிடென்ட்னா இன்ஷூரன்ஸ் கையை விரிச்சிடும்’னு ஆளாளுக்குக் கிளப்பி விட்டாங்க. 2017-லேயே சாதகமா தீர்ப்பு இருந்தும், அது சரியான்னு சுப்ரீம் கோர்ட்டில் அஞ்சு நீதிபதிகள் அமர்வு விசாரிச்சுட்டிருந்தது. 2024 நவம்பர் 6-ம் தேதி தீர்ப்பு வந்தது: 7,500 கிலோவுக்குள் இருக்கிற வண்டியை அந்த லைசென்ஸிலேயே ஓட்டலாம். குட்டி யானை லோடோட சேர்த்தே ரெண்டு டன்னைத் தொடாது. அன்னிக்கு எங்க வீட்டில் கேசரி!

ஃபெஞ்சல் வைத்த டெஸ்ட்

நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கத்தில் கரையைக் கடந்தது. மயிலத்தில் ஒரே நாளில் 51 சென்டிமீட்டர் மழை. விக்கிரவாண்டி - முண்டியம்பாக்கம் நடுவில் ரயில் பாலத்தை வெள்ளம் தொட்டு ரயில்கள் நின்னுபோச்சு. அரசூர் பக்கம் ஹைவே மேலேயே தண்ணி. குட்டி யானை வீட்டு வாசலில் படுத்துக்கிடந்தது. கம்பெனி ஷீட் மட்டும் படுக்கவில்லை. வெள்ள நாட்களையும் ‘டெலிவரி ஆகலை’ கணக்கில் சேர்த்துடுச்சு. அண்ணனோட சதவீதம் சரசரன்னு சரிஞ்சது. ‘இந்த வாரம் தூக்கலேன்னா பார்த்துக்க’ன்னு சூப்பர்வைசர் போன்.

ரோடு திறந்ததும் அனந்தபுரம் போனோம். புதுச் சிக்கல்... ஊரில் கரன்ட் இல்லை. கரன்ட் இல்லேன்னா போனில் சார்ஜ் இல்லை. போன் இல்லேன்னா ஓ.டி.பி. இல்லை. ஓ.டி.பி. இல்லாம பார்சல் கை மாறாது. ஆள் எதிரிலேயே நிக்கிறார், பெட்டி என் கையில், நடுவில் நாலு நம்பர்!

அண்ணன் யோசிச்சு வண்டியை டீக்கடை ஓரமா நிறுத்தினான். டேஷ்போர்டு சார்ஜர் பாயின்ட்டில் மூணு ஒயர் உள்ள சார்ஜரைச் சொருகி இன்ஜினை ஓட விட்டான். “போனைக் கொண்டாங்க, சார்ஜ் போட்டு பார்சல் வாங்கிக்கங்க.” டீக்கடை அக்கா ரெண்டு பசங்களை சைக்கிளில் தெருத்தெருவா அனுப்பிச்சு. அரை மணியில் கூட்டம். பார்சலே இல்லாதவங்களும் போனோட வந்தாங்க. ஒரு அம்மா சார்ஜ் ஏறினதும் முதல் வேலையா மெட்ராஸில் இருக்கிற மகனைக் கூப்பிட்டு, “நாங்க நல்லா இருக்கோம்பா”ன்னு அழுதது. டீசல் கம்பெனியோடது இல்லை, அண்ணன் பாக்கெட். பொழுது சாயறப்போ வண்டியில் மிச்சம் நாலே பெட்டி.

ஜனவரியில் தொண்ணூறாவது நாள் முடிஞ்சது. பொன்னாடையும் இல்லை, லெட்டரும் இல்லை. போர்டில் பென்சிலில் இருந்த அண்ணன் பேரை சூப்பர்வைசர் அழிச்சிட்டு மார்க்கரில் எழுதினார். அதுதான் கன்ஃபர்மேஷன். அந்த வாரமே என் ஃபீஸ் கட்டியாச்சு.

தினமும் ப்ரொபேஷன்

மூணு மாசம் என்பது யாரோ போகிற போக்கில் சொன்ன கணக்கு இல்லை. 1946-ல் வந்த நிலையாணைகள் சட்டத்தின் மாதிரி விதிகளிலேயே, நிரந்தர இடத்தில் சேர்ந்து மூணு மாசம் முடிக்காதவர்தான் ‘ப்ரொபேஷனர்’. அண்ணனுக்காவது தொண்ணூத்தொண்ணாவது நாள்னு ஒண்ணு இருந்தது. ஆப்பில் ஆர்டர் எடுத்து பைக்கில் பறக்கிறவங்களுக்கு? ஒவ்வொரு ஸ்டார் ரேட்டிங்கும் ஒரு ப்ரொபேஷன்தான். 2020-21-ல் நாட்டில் இப்படி 77 லட்சம் பேர் இருந்தாங்க, 2029-30-ல் 2.35 கோடி ஆவாங்கன்னு 2022-ல் நிதி ஆயோக் சொன்னது. தமிழ்நாட்டில் இவங்களுக்காக 2023-ல் நல வாரியம் வந்தது. இவங்களையும் கணக்கில் எடுத்துக்கிற சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு 2020-ல் நிறைவேறி, 2025 நவம்பர் 21-ல்தான் நடைமுறைக்கு வந்தது. சட்டத்துக்கே அஞ்சு வருஷ ப்ரொபேஷன்!

சட்டம் வீடு வந்து சேர்றதுக்குள்ள, நம்ம கையில் இருக்கிறதைச் செய்யலாம் மக்களே. பார்சல் வர்ற அன்னிக்குப் போனை ஆன்ல வைங்க. கதவு நம்பரோட பக்கத்துக் கோயில் பேரையும் போடுங்க. வாசலில் நிக்கிறவர் வேர்த்து வழிஞ்சா ஒரு சொம்பு தண்ணி. அஞ்சு ஸ்டார் தட்ட ஒரு செகண்ட்தான் ஆகும்... உங்க அந்த செகண்டில் யாரோ ஒருத்தன் தம்பியோட செமஸ்டர் ஃபீஸ் இருக்கலாம்.